மீன் அங்காடிச் சிறுவனும் ஒரு தொகுதியும்

தேர்தல் முடிந்த இரவு நம் தோழர்கள் கேட்கும் முதல் கேள்வி, எத்தனை ஓட்டு வித்தியாசம் என்பதுதான். கேட்க வேண்டிய கேள்விதான். சுவரெழுதியவர், வீடு வீடாக ஏறி இறங்கியவர், வாக்குச் சாவடிக்கு வெளியே வெயிலிலே நின்றவர் கேட்காமல் வேறு யார் கேட்பது? ஆனால் அந்தக் கணக்கு முடிந்ததும் இன்னொரு கணக்குத் தொடங்கிவிடுகிறது. வென்ற இடத்தைக் கொண்டு, ஓட்டளித்தவனுக்கு என்ன செய்தோம் என்ற கணக்கு அது. முதல் கணக்கைத் தேர்தல் அதிகாரி ஓர் இரவிலே எழுதி முடித்துவிடுவார். இரண்டாவது கணக்கை எழுதி முடிக்க ஆண்டுகள் பல ஆகும்.

அப்படி எழுதி முடிக்கப்பட்ட ஒரு தொகுதியின் கணக்கை இன்று நம் தோழர்கள் முன் வைக்கிறோம். அமெரிக்காவிலே, நியூயார்க் மாநிலச் சட்டசபைக்கு உறுப்பினரை அனுப்பிய தொகுதி அது. நியூயார்க் கவுண்டியின் இரண்டாவது தொகுதி என்று ஏடுகளிலே பெயர். அங்கே 1903ஆம் ஆண்டு தொடங்கி 12 தேர்தல்களிலே அடுத்தடுத்து வென்றவர் ஆல்பிரட் இமானுவேல் ஸ்மித். ஊரார் வாயிலே அவர் ஆல் ஸ்மித். மறைந்து 80 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. உழைப்பவர் பிள்ளை ஒருவன் சட்டசபைக்குப் போனால் என்ன செய்ய முடியும் என்பதையும், அங்கிருந்து மேலே மேலே போனபின் எதை இழக்க நேரும் என்பதையும் அவருடைய வாழ்க்கையிலே சேர்த்தே காணலாம்.

நியூயார்க் என்றதும் வானளாவிய மாளிகைகள் நம் கண்முன் நிற்கும். ஸ்மித் பிறந்த தெருவிலே மாளிகை ஏதும் இல்லை. மன்ஹாட்டன் தீவின் கீழ்க்கோடியிலே, கிழக்கு ஆற்றின் கரையோரமாக ஓடுகிறது சௌத் தெரு. கப்பல்கள் வந்து நிற்கும் துறை. மூட்டை தூக்குவோரும், வண்டியோட்டுவோரும், கடலோடிகளும் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அந்தத் தெருவிலே 1873 டிசம்பர் 30ஆம் நாள் அவர் பிறந்தார். தந்தை வண்டியோட்டி. தாய், அயர்லாந்திலிருந்து வந்த குடும்பத்தவர். புரூக்ளின் பாலம் அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. 1883இல் அது திறக்கப்பட்டபோது சிறுவனுக்கு வயது 9.

தந்தை 1886இல் இறந்தார். வண்டி இழுத்துத் தேய்ந்த உடல். சேமிப்பு ஏதும் இல்லை. அடக்கம் செய்துவிட்டுத் திரும்பிய தாய், முன்பு தாம் அறிந்திருந்த குடை செய்யும் தொழிலுக்கே மறுபடியும் போனார். சிறுவன் பத்திரிகை விற்றான். 14 வயதிலே, எட்டாம் வகுப்பு முடியுமுன்னரே, பள்ளியை விட்டான். வண்டிக்காரர்களைத் தேடியோடிச் செய்தி சொல்லும் வேலை. வாரத்துக்கு 3 டாலர். பிறகு ஓர் எண்ணெய்க் கம்பெனியிலே 8 டாலர். அதன் பிறகு புல்டன் மீன் அங்காடி. அங்கே 12 டாலர்.

மீன் அங்காடி வேலை எப்படிப்பட்டது என்று நம் கடற்கரைத் தோழர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. விடியுமுன் 4 மணிக்கு அங்கே நிற்கவேண்டும். கத்தோலிக்கர்கள் இறைச்சி தவிர்த்து மீன் உண்ணும் வெள்ளிக்கிழமைகளிலே 3 மணிக்கே. பனிக்கட்டியிலே விரல் மரத்துப்போகும். மாலை வரை உடுப்பிலே நாற்றம் போகாது. பின்னாளிலே கவர்னரான பிறகும் அந்த வேலையைச் சொல்லிக்கொள்ள அவர் வெட்கப்பட்டதில்லை. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றவர்கள் நடுவே தம்முடைய பட்டம் அந்த மீன் அங்காடி தந்ததுதான் என்று சொல்லிச் சிரிப்பது அவர் வழக்கம். மாலை வேளையிலே மாதா கோயில் நாடகக் குழுவிலே நடிப்பார். மேடைப் பேச்சுக்கு வேண்டிய குரலும் துணிவும் அங்கே பழகியவை. நாடக மேடையும் அரசியல் மேடையும் அடுத்தடுத்த வீடு என்பதை நாம் வேறெங்கோ கேட்டா அறியவேண்டும்!

இனி, அந்தத் தொகுதியின் அரசியலைச் சொல்லவேண்டும். நகரிலே டிமாக்ரடிக் கட்சியின் ஆட்சி டாமனி ஹால் என்ற அமைப்பின் கையிலே இருந்தது. மேலே ஒரு தலைவர். அவருக்குக் கீழே தொகுதிக்கொரு தலைவர். அவருக்குக் கீழே தெருவுக்குத் தெரு ஆட்கள். குளிர்காலத்திலே கரி இல்லாத வீட்டுக்குக் கரி வரும். வேலை இழந்தவனுக்கு நகராட்சியிலே ஒரு வேலை கிடைக்கும். பையன் போலீசிலே மாட்டிக்கொண்டால் மீட்க ஆள் வரும். சாவு வீட்டுக்குச் செலவுப் பணம் வரும். தேர்தல் வந்தால் இவற்றுக்கெல்லாம் ஒரே விலை: ஓட்டு.

ஸ்மித் வாழ்ந்த பகுதிக்குத் தலைவர் டாம் பாலி. மதுக்கடை நடத்தியவர், சிறுவர்களுக்குக் காசு கொடுப்பவர், எல்லோருடைய வீட்டுச் செய்தியும் தெரிந்தவர். இந்த அமைப்பை வெறும் கொள்ளைக் கூட்டம் என்று ஒரே சொல்லிலே ஒதுக்கிவிடுவது எளிது. கொள்ளை இருந்தது, ஐயமில்லை. ஒப்பந்தங்களிலே பணம் பறந்தது, பதவிகள் விற்பனையாயின. ஆனாலும், மொழி தெரியாமல் கப்பலிலிருந்து இறங்கிய ஏழைக்கு அந்த நகரிலே கதவைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. அந்தக் கேள்வியிலேதான் டாமனியின் பலம் இருந்தது. கேட்டதற்குக் கிடைத்ததெல்லாம் தயவு. உரிமை ஒன்றுகூட இல்லை. தயவை நம்பி வாழ்பவன், கொடுப்பவன் முகம் பார்த்துத்தானே வாழவேண்டும்!

பாலியின் கண்ணிலே ஸ்மித் பட்டார். 1895இல் ஜூரர்களை அழைக்கும் அலுவலகத்திலே அவருக்கு ஒரு வேலை கிடைத்தது. ஆண்டுக்கு 800 டாலர். 1900இல் கேதரின் டன் என்ற பெண்ணை மணந்தார். 1903இலே பாலி அவரைச் சட்டசபைக்கு அபேட்சகராக நிறுத்தினார். டாமனி நிறுத்தினால் அந்தத் தொகுதியிலே வெற்றி உறுதி. எதிர்த்து நின்ற ரிபப்ளிகன் கட்சிக்காரரைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் ஓட்டுப் பெற்று அவர் வென்றார். அந்நாளிலே நியூயார்க் சட்டசபைக்கு ஆண்டுதோறும் தேர்தல். ஒவ்வொரு நவம்பரிலும் மக்கள் முன் போய் நிற்கவேண்டும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை முகம் காட்டும் வழக்கம் அங்கே செல்லாது.

வென்றவர் தலைநகரான ஆல்பனிக்குப் போனார். போனதும் திகைத்தார். மேசைமேல் மசோதாக்கள் குவிந்திருந்தன. ஒரு வரியும் விளங்கவில்லை. எட்டாம் வகுப்பு முடிக்காதவருக்கு வழக்கறிஞர்கள் எழுதிய சட்ட நடை எப்படி விளங்கும்? பின் வரிசையிலே இடம். யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. இரண்டாம் ஆண்டிலே வங்கிகள் குழுவிலும், காடுகள் குழுவிலும் போட்டார்கள். வங்கியிலே கணக்கு வைத்திராதவர். காட்டைக் கண்ணால் காணாதவர். மனம் சோர்ந்து விலகிவிடலாமா என்று எண்ணினார். பாலி நகரிலேயே வேறு நல்ல வேலை தருவதாகச் சொன்னார். இரவெல்லாம் யோசித்துவிட்டு, தோற்றுத் திரும்புவதில்லை என்று முடிவு செய்தார்.

பிறகு என்ன செய்தார்? படித்தார். மற்ற உறுப்பினர்கள் மாலையிலே கேளிக்கைக்குப் போனார்கள். இவர் அறையிலே விளக்கேற்றி மசோதாக்களைப் படித்தார். ஒரு மசோதா பழைய சட்டத்தின் எந்தப் பிரிவைத் திருத்துகிறது என்று தேடி, அதையும் படித்தார். வரவு செலவுத் திட்டத்தை வரி வரியாகப் படித்தார். ராபர்ட் வாக்னர் என்ற மற்றொரு டாமனி உறுப்பினர் உடன் தங்கினார். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய ஏழைக் குடும்பத்தின் பிள்ளை அவர். இருவரும் சேர்ந்து கற்றார்கள். சில ஆண்டுகளிலே, அரசாங்கப் பணம் எங்கே வருகிறது, எங்கே போகிறது, எந்த விதியிலே எந்த ஓட்டை இருக்கிறது என்பதை ஸ்மித் அளவுக்கு அறிந்தவர் அந்தச் சபையிலே அரிது என்ற நிலை வந்தது.

இதை நம் தோழர்கள் நின்று கவனிக்கவேண்டும். மேடையிலே முழங்கும் ஆற்றல் தொகுதியை வென்று தரும். சட்டசபைக்குள்ளே போனபின் காகிதத்தைப் படிக்கத் தெரிந்தவனிடம்தான் அதிகாரம் போய்ச் சேரும். எதிரிகள் பல்கலைக்கழகங்களிலே அதைக் கற்று வந்திருப்பார்கள். உழைப்பாளி வீட்டுப் பிள்ளை இரவு விளக்கிலே கற்கவேண்டும். வேறு வழியில்லை.

1911இல் டிமாக்ரடிக் கட்சிக்குச் சட்டசபையிலே பெரும்பான்மை கிடைத்தது. ஸ்மித் அவையின் பெரும்பான்மைக் கட்சித் தலைவரானார். மேல்சபையிலே அதே பொறுப்பு வாக்னரிடம். இரண்டு ஏழை வீட்டுப் பிள்ளைகள் இரு சபைகளையும் நடத்தினார்கள். ஆனால் அதுவரை அவர்கள் டாமனியின் கட்டளைக்குக் கை தூக்கியவர்கள்தாம். அந்த ஆண்டு மார்ச் 25ஆம் நாள் நடந்தது, இருவரையும் வேறு பாதையிலே திருப்பிற்று.

அன்று சனிக்கிழமை. வாஷிங்டன் சதுக்கத்துக்குப் பக்கத்திலே பத்து மாடிக் கட்டடம் ஒன்று. அதன் மேல் மூன்று மாடிகளிலே டிரயாங்கிள் சட்டைக் கம்பெனி. பெண்கள் அணியும் மேற்சட்டை தைக்கும் ஆலை. ஏறக்குறைய 500 பேர் வேலை செய்தனர். பெரும்பாலோர் யூத, இத்தாலியக் குடும்பங்களிலிருந்து வந்த இளம் பெண்கள். மாலை, வேலை முடியும் நேரத்திலே எட்டாம் மாடியிலே தீப் பற்றிற்று. துணிக் குவியலிலே அது பாய்ந்தது. ஒன்பதாம் மாடியிலிருந்தோர் ஒரு பக்கக் கதவை நோக்கி ஓடினர். அது பூட்டியிருந்தது. வேலையாட்கள் துணியைத் திருடிச் சென்றுவிடக்கூடாது என்று முதலாளிகள் பூட்டி வைத்த கதவு. வெளிப்புறத்து இரும்பு ஏணி கனம் தாங்காமல் இற்று விழுந்தது. தீயணைப்புப் படையின் ஏணி ஆறாம் மாடி வரைதான் எட்டியது. பெண்கள் கைகோத்துக்கொண்டு சன்னல் வழியே குதித்தனர்.

இறந்தவர்கள் 146 பேர். அவர்களிலே 123 பேர் பெண்கள். 14 வயதுச் சிறுமிகளும் இருந்தனர். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்தது. ஏப்ரல் 5ஆம் நாள், கொட்டும் மழையிலே லட்சத்துக்கு மேற்பட்டோர் துக்க ஊர்வலம் சென்றனர். முதலாளிகள் இருவர்மீதும் வழக்கு நடந்தது. டிசம்பரிலே ஜூரிகள் அவர்களை விடுவித்தனர். கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பது ஐயமற நிரூபிக்கப்படவில்லையாம்! பின்னர் 1914இல் நட்ட வழக்குகள் முடிந்தபோது ஓர் உயிருக்குக் கணக்கிட்ட விலை 75 டாலர்.

ஸ்மித் இறந்தவர்களின் வீடுகளுக்குப் போனார். டாமனிக்காரனுக்குச் சாவு வீட்டுக்குப் போவது புதிதல்ல. அது அவன் தொழில். ஆனால் இந்த முறை கையிலே கொண்டுபோகத் தக்கது ஏதும் இல்லை. கரிக்கூடை பூட்டிய கதவைத் திறக்குமா? அடக்கச் செலவுக்குக் கொடுக்கும் பணம், மறுநாள் இன்னொரு ஆலையிலே வேலைக்குப் போகும் தங்கையைக் காக்குமா? தொகுதித் தலைவர் தருகிற தயவு எவ்வளவு பெரிதானாலும் அது ஒரு வீட்டோடு முடிந்துவிடுகிறது. எல்லா ஆலையின் எல்லாக் கதவையும் திறக்க வல்லது சட்டம் ஒன்றே. அந்தச் சட்டத்தை எழுதும் இடத்திலேதான் அவர் உட்கார்ந்திருந்தார்.

1911 ஜூன் 30ஆம் நாள் ஆலை விசாரணைக் குழு சட்டப்படி அமைந்தது. வாக்னர் தலைவர், ஸ்மித் துணைத் தலைவர். தொழிற்சங்கத் தலைவர் சாமுவேல் காம்பர்ஸ் உறுப்பினர். தொழிற்சங்கப் பெண்மணி மேரி டிரையரும் உறுப்பினர். பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற இளம் பெண் அதன் விசாரணைப் பணியிலே ஈடுபட்டார். தீ நடந்த அன்று தெருவிலே நின்று, பெண்கள் குதித்ததைக் கண்ணால் கண்டவர் அவர்.

நகரத்து அறையிலே உட்கார்ந்து மனுக்கள் வாங்கும் குழுவாக அது இருக்கவில்லை. ஊர் ஊராகப் போயிற்று. பத்து மணி நேரம் இரவு முழுதும் கயிற்று ஆலையிலே உழைத்துவிட்டு விடியலிலே வெளிவரும் பெண்களை ஸ்மித்தின் கண்முன் காட்டினார் பெர்கின்ஸ். தீ விபத்துக்கு வழி என்று எழுதி வைத்திருந்த ஒரு துவாரத்தின் வழியே வாக்னரையே நுழைந்து பார்க்கச் சொன்னார். வெளியே பனி உறைந்த ஏணி, தரைக்கு மேலே பன்னிரண்டு அடியிலே முடிந்து நின்றது. காய்கறிகளை டப்பாக்களிலே அடைக்கும் ஆலைகளிலே ஐந்து, ஆறு, ஏழு வயதுக் குழந்தைகள் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தன. கணக்கேட்டிலே வராத தொழிலாளிகள்!

இந்தக் கட்டத்திலே தொகுதியின் பயனைப் பாருங்கள். 1911 நவம்பர்த் தேர்தலிலே அவர் கட்சி சட்டசபையிலே பெரும்பான்மையை இழந்தது. ஆனால் இரண்டாவது தொகுதி ஸ்மித்தை மீண்டும் அனுப்பியது. 1912இல் அவர் எதிர்க்கட்சி வரிசையிலே இருந்துகொண்டே குழுவின் வேலையைத் தொடர்ந்தார். பெண்களுக்கு வாரத்துக்கு 54 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது என்ற சட்டம் அந்த ஆண்டு வந்தது. 1913இல் கட்சி திரும்ப வென்றது. ஸ்மித் சபாநாயகரானார். அந்த ஆண்டிலேதான் சட்டங்கள் வரிசையாக வந்தன.

வேலை நேரத்திலே கதவைப் பூட்டக்கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும். தீப் பயிற்சி நடத்தவேண்டும். உயர்ந்த கட்டடங்களிலே தானாக நீர் தெளிக்கும் குழாய்கள் வேண்டும். ஆலைக்குள் புகை பிடிக்கக்கூடாது. பெண்களுக்கு ஆலையிலே இரவு வேலை கூடாது. ஏழு நாளிலே ஒரு நாள் ஓய்வு. தொழிலாளர் இலாகாவுக்குப் புதிய அமைப்பும், கூடுதல் இன்ஸ்பெக்டர்களும். டப்பா ஆலை முதலாளிகள், தங்களுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று வந்தார்கள். காய்கறி அழுகிவிடும் என்று வாதாடினார்கள். ஸ்மித் எழுந்து, ஓய்வு நாளைக் கட்டளையிட்ட வேதத்திலே டப்பா ஆலைகளுக்கு விலக்கு எழுதியிருக்கிறதா என்ற பொருள்பட ஒரே வாக்கியத்திலே மடக்கிவிட்டார். 1911க்கும் 1914க்கும் இடையே அந்தக் குழுவின் முயற்சியால் முப்பதுக்கு மேற்பட்ட சட்டங்கள் நிறைவேறின. மற்ற மாநிலங்கள் அவற்றைப் பார்த்து எழுதிக்கொண்டன.

புகழை மட்டும் சொல்லி நிறுத்துவது நம் வழக்கமல்ல. அதே 1913இல் ஒரு கறையும் படிந்தது. கவர்னர் வில்லியம் சல்சர், டாமனி ஹாலின் உதவியாலே பதவிக்கு வந்தவர். வந்தபின் அதன் தலைவர் சார்லஸ் மர்பிக்குப் பணிய மறுத்தார். தேர்தல் நிதிக் கணக்கிலே அவரிடம் குற்றம் இருந்தது உண்மை. அந்தக் குற்றத்தைவிட, பணிய மறுத்ததே பெரிய குற்றமாக டாமனிக்குப் பட்டது. ஸ்மித் சபாநாயகராக இருந்த சட்டசபை அவர்மீது குற்றம் சாட்டியது. அக்டோபரிலே சல்சர் பதவி நீக்கப்பட்டார். மக்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? மூன்று வாரங்களுக்குள் வந்த தேர்தலிலே, அதே கீழ்க் கிழக்குப் பகுதியின் ஆறாவது தொகுதியிலிருந்து சல்சரைச் சட்டசபைக்கு அனுப்பினார்கள்! டிமாக்ரடிக் கட்சி சட்டசபையிலே பெரும்பான்மையை இழந்தது. தயவுக்கு ஓட்டளிப்பவர்கள் என்று எண்ணப்பட்ட மக்களுக்கும் பொறுக்காத எல்லை ஒன்று உண்டு.

ஸ்மித்தின் சொந்தத் தொகுதி அவரைக் கைவிடவில்லை. 1914 வரை ஒவ்வொரு நவம்பரிலும் அவரையே அனுப்பியது. 1915இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தக் கூடிய மாநாட்டிலே, அவருடைய அறிவைக் கண்டு எதிர்க்கட்சியின் பெரும் வழக்கறிஞர்களே வியந்தனர். அந்த ஆண்டு ஷெரிப், 1917இல் நகரசபைத் தலைவர், 1918இல் சுமார் 15,000 ஓட்டு வித்தியாசத்திலே மாநிலத்தின் கவர்னர். அங்கே கவர்னர் என்றால் மேலிருந்து அனுப்பப்படுபவர் அல்லர். மக்கள் ஓட்டாலே வந்து மாநிலத்தை ஆள்பவர். மீன் கூடை தூக்கிய கை அரசாங்கக் கையெழுத்துப் போட்டது.

1920 ஜனவரியிலே ஒரு சோதனை வந்தது. ரஷ்யப் புரட்சியைக் கண்டு அமெரிக்க முதலாளித்துவம் மிரண்டிருந்த நேரம். நியூயார்க் நகரத் தொகுதிகளிலிருந்து சோஷலிஸ்டுக் கட்சியினர் ஐவர் முறைப்படி வென்று சட்டசபைக்கு வந்திருந்தனர். ரிபப்ளிகன் சபாநாயகர் அவர்களை அவையின் முன் நிறுத்தி, உட்காரத் தகுதியற்றவர்கள் என்றார். ஏப்ரலிலே ஐவரும் வெளியேற்றப்பட்டனர். அவர்கள் செய்த குற்றம், அவர்கள் சேர்ந்திருந்த கட்சி!

ஸ்மித்துக்கும் சோஷலிஸ்டுகளுக்கும் கொள்கை உறவு கிடையாது. சொல்லப்போனால், ஏழைத் தொகுதிகளிலே டாமனியின் ஓட்டைப் பிரித்தவர்கள் அவர்கள். வாய் மூடியிருந்தால் அவர் கட்சிக்கு லாபம். ஆயினும் அவர் அந்த வெளியேற்றத்தைக் கண்டித்தார். சட்ட முறையிலே இயங்கும் ஒரு கட்சிக்கு மக்கள் அளித்த ஓட்டைச் சபை தள்ளுபடி செய்யக்கூடாது என்று நின்றார். காலியான ஐந்து தொகுதிகளுக்கும் தேர்தலுக்கு உத்தரவிட்டார். செப்டம்பரிலே தேர்தல் நடந்தது. ஐந்து தொகுதிகளும் அதே ஐவரையே திருப்பி அனுப்பின! சபை மீண்டும் மூவரை வெளியேற்றியது. உள்ளே விடப்பட்ட இருவர், தோழர்கள் இல்லாத சபையிலே எங்களுக்கும் இடம் வேண்டாம் என்று ராஜிநாமாச் செய்தனர். ஆசிரியர்களின் விசுவாசத்தைச் சோதிக்கும் மசோதாக்களையும் அந்த ஆண்டு ஸ்மித் தம் அதிகாரத்தாலே தடுத்து நிறுத்தினார்.

அந்த நவம்பரிலே அவர் தோற்றார். நாடெங்கும் ரிபப்ளிகன் அலை வீசிற்று. நியூயார்க் மாநிலத்திலே அவர் கட்சியின் ஜனாதிபதி அபேட்சகர் 10 லட்சத்துக்கு மேற்பட்ட ஓட்டு வித்தியாசத்திலே வீழ்ந்தார். ஸ்மித் வீழ்ந்தது சுமார் 75,000 ஓட்டில். அலைக்கு எதிராக ஒரு மனிதன் எவ்வளவு தூரம் நீந்த முடியும் என்பதற்கு இந்த இரண்டு எண்களே சான்று. 1922இல் அவர் ஏறக்குறைய 4 லட்சம் ஓட்டு வித்தியாசத்திலே திரும்பி வந்தார். அவர் இல்லாதபோது சட்டமாகிவிட்ட அந்த விசுவாசச் சோதனைகளை 1923இல் ரத்துச் செய்ய வைத்தார். 1924, 1926 தேர்தல்களிலும் வென்றார். பள்ளிக்கூடங்களுக்குப் பணம் பெருகியது. பொதுப் பூங்காக்கள் வந்தன. 1926இல் ஏழைகளின் குடியிருப்புக்குச் சட்டம் வந்தது.

1928இல் ஜனாதிபதித் தேர்தல். பெரிய கட்சி ஒன்றின் சார்பிலே அந்தப் பதவிக்கு நின்ற முதல் கத்தோலிக்கர் அவர்தான். கு கிளக்ஸ் கிளான் கூட்டம் அவர் போகும் வழியிலே சிலுவைகளைக் கொளுத்திப் பயமுறுத்தியது. அவர் ஜெயித்தால் ரோமாபுரியிலிருந்து போப்பாண்டவர் வந்து ஆளுவார் என்று துண்டு அறிக்கைகள் பறந்தன. அவருடைய தெருப் பேச்சைக் கேலி செய்தனர். நாட்டிலே பணம் புழங்குவதாக நம்பப்பட்ட காலமும் எதிர்க்கட்சிக்குத் துணை நின்றது. ஹூவருக்கு 2 கோடியே 14 லட்சம் ஓட்டு. ஸ்மித்துக்கு 1 கோடியே 50 லட்சம். 48 மாநிலங்களிலே எட்டுதான் கிடைத்தன. நான்கு முறை கவர்னராக்கிய நியூயார்க்கும் கைவிட்டது. அதே நாளிலே அந்த மாநிலத்தின் கவர்னராக பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் வென்றார்.

கதை இங்கே முடிந்திருந்தால், மதவெறியாலே வீழ்த்தப்பட்ட மாவீரன் என்று நாம் மாலை சூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் அதன் பிறகும் அவர் 16 ஆண்டுகள் வாழ்ந்தார். எம்பயர் ஸ்டேட் என்ற, அந்நாளிலே உலகில் உயரமான கட்டடத்தைக் கட்டிய கம்பெனிக்குத் தலைவரானார். செல்வர்கள் நண்பர்களாயினர். குடியிருப்பு, செல்வர்கள் வாழும் ஐந்தாம் அவென்யூவுக்கு மாறிற்று. 1932இல் மீண்டும் ஜனாதிபதி அபேட்சகராக விரும்பினார். கட்சி ரூஸ்வெல்ட்டைத் தேர்ந்தெடுத்தது. அந்தக் காயம் ஆறவில்லை.

நாடு பஞ்சத்திலே கிடந்தது. ரூஸ்வெல்ட் வேலையற்றோருக்கு வேலையும், முதியோருக்கு ஓய்வூதியமும் தரும் திட்டங்களைக் கொண்டுவந்தார். அவற்றை எதிர்க்கப் பெரும் பணக்காரர்கள் 1934இல் அமெரிக்க லிபர்ட்டி லீக் என்ற அமைப்பை ஏற்படுத்தினார்கள். அதிலே சேர்ந்து, அவர்களுடைய மேடையிலே நின்று, ஆல் ஸ்மித் அந்தத் திட்டங்களைத் தாக்கிப் பேசினார்! 1936இல் தம் வாழ்நாள் கட்சியை விட்டு, ரிபப்ளிகன் அபேட்சகரை ஆதரித்தார். ஹிட்லரின் யூத வெறுப்பைத் தொடக்கத்திலேயே கண்டித்தவர் என்ற பெருமை அவருக்கு உண்டு. அதை மறைக்க மாட்டோம். ஆனால் சௌத் தெருவின் பிள்ளை, சௌத் தெருவுக்கு வந்த உதவியை எதிர்த்து நின்றதையும் மறைக்க முடியாது.

அந்த மேடையிலே அவர் யாரைத் தாக்கினார் என்று எண்ணிப்பாருங்கள். ரூஸ்வெல்ட் அரசாங்கத்திலே 1933 முதல் தொழிலாளர் மந்திரி பிரான்சிஸ் பெர்கின்ஸ். கயிற்று ஆலைப் பெண்களை அவருக்குக் காட்டியவர். தொழிற்சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கிய 1935ஆம் ஆண்டு மசோதா செனட்டர் வாக்னருடையது. ஆல்பனியிலே உடன் தங்கி இரவிலே படித்தவர். இருவரும் செய்தது, 1911இல் மூவரும் சேர்ந்து தொடங்கிய வேலையின் தொடர்ச்சிதான். தாம் நட்ட மரம் நாடு முழுதும் கிளை விரித்தபோது, நட்டவர் கோடரி பிடித்தவர்களோடு நின்றார். ஆண்டுதோறும் தெருவிலே வந்து நின்று ஓட்டுக் கேட்கும் கட்டாயம் இருந்தவரையிலே அவருக்குத் தெரு தெரிந்தது. அந்தக் கட்டாயம் போயிற்று. தெருவும் கண்ணிலிருந்து மறைந்தது. 1944 மே மாதம் மனைவி மறைந்தார். அக்டோபர் 4ஆம் நாள் ஸ்மித்தும் மறைந்தார்.

ஆயினும் சட்டம் சட்டமாகவே நின்றது. இதைத்தான் நம் தோழர்கள் மனத்திலே இருத்தவேண்டும். பாலி கொடுத்த கரி அந்தக் குளிர்காலத்திலேயே எரிந்து சாம்பலாயிற்று. டாமனி ஹாலும் பின்னாளிலே செல்வாக்கிழந்து மறைந்தது. கொடுத்தவர் மனம் மாறினால் தயவு நின்றுவிடும். ஸ்மித்தின் மனமும் மாறியது. ஆனால் அவர் 1913இல் நிறைவேற்றிய சட்டம் அவரைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. ஆலைக் கதவைப் பூட்டாதே என்ற விதியை, அவரே விரும்பினாலும், ஐந்தாம் அவென்யூவிலிருந்து பூட்டியிருக்க முடியாது.

தொகுதிக்குப் போகும் தோழன் இன்னாருக்கு வேலை, இன்னாருக்கு மனை, இன்னாருக்கு மருத்துவமனையிலே படுக்கை என்று ஓடிக்கொண்டுதான் இருக்கவேண்டும். துயரப்படுகிறவனிடம் சட்டம் வரும்வரை காத்திரு என்று சொல்பவன் மக்கள் ஊழியன் ஆகமாட்டான். ஆனால் ஓடுவதோடு நின்றுவிட்டால் அவனும் ஒரு டாம் பாலிதான். ஒருவனுக்குச் செய்ததை ஊருக்கெல்லாம் உரிமையாக்க என்ன விதி வேண்டும், எந்தப் பிரிவைத் திருத்தவேண்டும் என்று விளக்கேற்றிப் படிக்கிறானா என்று கேளுங்கள். ஓட்டு வித்தியாசத்தைக் கேட்ட அதே உரிமையோடு கேளுங்கள். அவன் உயர உயரப் போனால், அடிக்கடி தெருவுக்கு இறங்கி வரச் சொல்லுங்கள்.

சௌத் தெருவுக்குப் பக்கத்திலே, புரூக்ளின் பாலத்தின் நிழலிலே, 1950களின் தொடக்கத்திலே அரசாங்கக் குடியிருப்பு ஒன்று எழுந்தது. பன்னிரண்டு கட்டடங்கள்; சுமார் 1,900 வீடுகள். அதற்கு ஆல்பிரட் ஸ்மித் பெயரை வைத்திருக்கிறார்கள். வாடகையைச் செல்வன் விருப்பம்போல் உயர்த்த முடியாத, சட்டத்தின் காப்பிலே உள்ள வீடுகள். எம்பயர் ஸ்டேட் கட்டடத்தைப் பார்க்கப் போகிறவர்களிலே எத்தனை பேருக்கு அவர் நினைவு வருமோ அறியோம். இந்த வீடுகளிலே குடியிருப்பவர்களின் முகவரியிலே அவர் பெயர் இருக்கிறது.